பழைய ஸ்பிரிங் பட்டையில் ஒரு தோட்டத்துக் கத்தி

விதையை நாமே எடுத்து வைக்கிறோம். ஜீவாமிர்தம் நாமே கலக்கிறோம். மீன் அமிலமும் ஐந்திலைக் கரைசலும் வீட்டுத் தொட்டியிலேயே ஊறுகின்றன. வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். சரிதான். ஆனால் காலையில் தோட்டத்துக்குப் போகும்போது இடுப்பில் செருகுகிறோமே ஒரு கத்தி, அது எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் சந்தையிலிருந்தோ, டவுன் கடையிலிருந்தோதான். பளபளவென்று இருக்கும், பிளாஸ்டிக் பிடி போட்டிருக்கும். நாலு நாள் வாழைத்தார் வெட்டினால் முனை மழுங்கிவிடும். தீட்டினால் அரை நாள் தாங்கும். பிறகு பிடி ஆட ஆரம்பிக்கும். ஆறு மாதத்தில் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவோம். விலை குறைவுதானே என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வங்கியில் இருந்த காலத்தில் தேய்மானம் என்று ஒரு வரியைத் தினமும் பார்த்தவன் நான். அந்தக் கண்ணோடு பார்த்தால், ஆறு மாதக் கத்தியைவிட இருபது வருடக் கத்திதான் மலிவு.

இதில் பணம் மட்டும் பிரச்சினை இல்லை. கொய்யாவையும் எலுமிச்சையையும் மழுங்கின கத்தியால் கவாத்து செய்தால் வெட்டு சுத்தமாக விழாது. பட்டை நார் நாராகக் கிழியும். கிழிந்த காயம் ஆற நாளாகும், அதற்குள் பூஞ்சணம் உள்ளே போய்விடும். மரத்துக்கு வைத்தியம் பார்ப்பதைவிடக் கத்திக்கு முனை பார்ப்பது சுலபம். அதோடு, மழுங்கின கத்திதான் கையையும் வெட்டும். வெட்டு விழவில்லையே என்று கூடுதலாக அழுத்துவோம், அது வழுக்கிக்கொண்டு போகும்.

நல்ல கத்தி ஒன்றை நம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே செய்யலாம். பெரிய எந்திரம் வேண்டாம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு துண்டு, இரண்டு அரம், ஒரு ரம்பம், ஒரு சின்னக் கரி அடுப்பு, நான்கைந்து நாள் பொறுமை, இவ்வளவு போதும். எப்படிச் செய்வது, ஒவ்வொரு படியும் எதற்காக என்று பார்ப்போம்.

எந்த இரும்பு கத்தியாகும்?

எல்லா இரும்பும் கத்தியாகாது. வித்தியாசம் கரியில் இருக்கிறது. இரும்போடு கொஞ்சம் கார்பன் சேர்ந்தால்தான் எஃகு. அந்தக் கார்பன் எவ்வளவு என்பதை வைத்துத்தான் அது முனை தாங்குமா, தாங்காதா என்பது முடிவாகிறது.

வீடு கட்டும் கம்பி, ஆங்கிள், கேட் அடிக்கிற பட்டை இவற்றில் கார்பன் கால் விழுக்காடு அளவுக்கோ அதற்குக் கீழோதான். இவற்றை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. எவர்சில்வர் பாத்திரத் தகடும் அப்படித்தான். லாரி, வேன், டிராக்டர் டிரெய்லர் ஸ்பிரிங் பட்டையில் அரை முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். கத்திக்கும் அரிவாளுக்கும் இது நல்ல பதம்: முனையும் நிற்கும், அடியும் தாங்கும். பழைய அரத்தில் 1 விழுக்காட்டுக்கு மேலே இருக்கும். முனை பிரமாதமாக நிற்கும். ஆனால் உடையும் குணமும் அதிகம், முதல் கத்திக்கு வேண்டாம்.

ஊர்ப் பட்டறைகளில் அரிவாளுக்கு லாரிப் பட்டையைத் தேடுவது இந்தக் காரணத்தால்தான். ஆசாரிமார்களுக்கு விழுக்காட்டுக் கணக்கு தேவைப்படவில்லை. கைக்கும் கண்ணுக்கும் தெரிந்திருக்கிறது.

நம் முதல் கத்திக்குச் சின்ன வேனின் ஸ்பிரிங் பட்டை பொருத்தம். லாரிப் பட்டை ரொம்பக் கனம், அராவி மாளாது. வேன் பட்டையும் 6 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். நமக்கு வேண்டியது 4 மில்லிமீட்டர். விரிசல் விட்ட பட்டையை வாங்காதீர்கள். ஸ்பிரிங் பெரும்பாலும் முறிந்துதான் கடைக்கு வருகிறது, எனவே முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். அந்தப் பகுதியை விட்டுத் தள்ளி வெட்டி எடுங்கள்.

வாங்கியது சரியான எஃகுதானா என்று பார்க்க ஒரு சோதனை. விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போடுங்கள். ஆறியதும் அதன் மேல் அரத்தை ஓட்டிப் பாருங்கள். கடித்தால் அது கத்திக்கு ஆகாது. கண்ணாடி மேல் ஓடுகிற மாதிரி வழுக்கினால் நல்ல எஃகு. பிறகு அந்தத் துண்டைத் துணியில் சுற்றி வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்தால் படக்கென்று முறியும். முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி நைசாக இருந்தால் சூடு சரியான அளவில் இருந்தது. சர்க்கரை மாதிரி மின்னினால் சூடு அதிகமாகிவிட்டது. இந்த ஒரு துண்டு நிறையச் சொல்லிக்கொடுக்கும்.

அடுப்பு

இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலத்துக்குச் செங்கல் அடுக்கி, உள்ளே களிமண்ணும் மணலும் குழைத்துப் பூசுங்கள். நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய் ஒன்று படுக்கையாகப் போகட்டும். குழாயின் மேல்பக்கம் ஓர் அங்குலத்துக்கு ஒரு துளை. உள்ளே போகிற முனையை அடைத்துவிட்டு, வெளி முனையில் கையால் சுற்றும் ஊதியை மாட்டுங்கள். பழைய ஹேர் டிரையர் இருந்தாலும் போதும்.

குழாய் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயாக இருக்கக் கூடாது. சூடு ஏறினால் துத்தநாகம் புகையாக வரும், அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வந்து படுத்துவிடுவோம். கறுப்பு இரும்புக் குழாய்தான் வேண்டும்.

எரிபொருளுக்குக் கவலையே இல்லை. நம்மைப் பாடாய்ப்படுத்துகிற சீமைக்கருவேலம் அருமையான கரி தரும். ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற அதே கரிதான். அதைப் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். கொட்டாங்குச்சிக் கரியும் ஆகும். ஒரு கத்திக்கு ஒரு சாக்குக் கரிகூடச் செலவாகாது.

அடுப்பைக் கூரை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். "வெயில்ல கலரைப் பாக்காதீங்க சார், ஏமாத்திப்புடும்" என்பார் எங்கள் ஊர் ஆசாரி. உண்மைதான். நல்ல வெளிச்சத்தில் நமக்கு மங்கல் சிவப்பாகத் தெரிகிற இரும்பு, நிழலில் பார்த்தால் ஆரஞ்சுக்கு வந்திருக்கும். சாயங்கால நேரம்தான் இந்த வேலைக்கு ஏற்றது.

நிமிர்த்தல், மென்மையாக்கல்

ஸ்பிரிங் பட்டை வளைந்தும் இருக்கும், கடினமாகவும் இருக்கும். அப்படியே ரம்பம் போட்டால் ரம்பப் பல்தான் போகும். அதனால் முதலில் காய்ச்சி ஆரஞ்சுக்குக் கொண்டுவந்து, கனமான இரும்புக் கட்டி மேல் வைத்து அடித்து நிமிர்த்துங்கள்.

இதே சூட்டில் 6 மில்லிமீட்டரை 4 ஆக இழுக்க வேண்டும். தனியாளாக வீட்டில் அடித்தால் தோள் விட்டுப்போகும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பக்கத்து ஊர்ப் பட்டறைக்குப் போய்விடுங்கள். ஆசாரி குறட்டால் பிடிக்க, எதிரே ஒருவர் சம்மட்டி போட்டால், மூன்று நான்கு காய்ச்சலில் முடிந்துவிடும். கூலியைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பிறகு மென்மையாக்கல். பட்டையை மறுபடியும் காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எடுத்து உமிச் சாம்பலுக்குள் புதைத்துவிடுங்கள். ஒரு டின் நிறையச் சாம்பல் வேண்டும், சாம்பல் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். நெல் உமிச் சாம்பல் சூட்டை அவ்வளவு லேசில் வெளியே விடாது. பெரிய எஃகாலைகளிலும் உருகிய எஃகின் மேல் இதைப் போர்வையாகப் போடுகிறார்கள். ராத்திரி புதைத்தால் காலையிலும் வெதுவெதுப்பாக இருக்கும். மெதுவாக ஆறிய எஃகு அரத்துக்குப் பணியும்.

வடிவம்

அட்டையில் வரைந்து வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். தோட்டத்துக் கத்திக்கு மொத்த நீளம் 22 சென்டிமீட்டர் போதும். அலகு 11, பிடி 11. அகலம் 3 சென்டிமீட்டர். இலை அறுக்க, காய் பறிக்க, சின்னக் கிளை கழிக்க, கயிறு வெட்ட எல்லாவற்றுக்கும் இது தோதாக இருக்கும். பெண்கள் அதிகம் புழங்குகிற கத்தி என்றால் அவர்கள் கைக்கு அளவெடுங்கள். கடையில் வாங்கும் கருவிகள் பெரும்பாலும் ஆண் கைக்கு ஏற்ற மாதிரிதான் வருகின்றன.

அலகும் பிடிக்குள் போகும் பகுதியும் ஒரே துண்டாக, பிடியின் முழு நீளத்துக்கும் இருக்கட்டும். குச்சி மாதிரி ஒல்லியாகப் பிடிக்குள் போகிற கத்திதான் ஆடும், கழன்று விழும்.

அட்டையைப் பட்டை மேல் வைத்துக் கோடு கீறி, 18 பல் ஹாக்ஸா பிளேடால் வெட்டுங்கள். வளைவு வருகிற இடத்தில் நெருக்கமாகக் குறுக்கு வெட்டுகள் போட்டு உடைத்தெடுத்தால் சுலபம். மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும். அலகும் பிடியும் சேரும் மூலையைக் கூர் மூலையாக விடாதீர்கள், வட்ட அரத்தால் வளைத்துவிடுங்கள். கூர் மூலை இருந்தால் தோய்க்கும்போது அந்த இடத்தில்தான் வெடிக்கும்.

பிடிக்கு ஆணி போகிற இரண்டு துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும். கடினமேற்றிய பிறகு எந்தத் துளைப்பானும் உள்ளே இறங்காது.

சரிவு அராவுதல்

இதுதான் நேரம் பிடிக்கிற வேலை. வெட்டும் விளிம்பின் நடுவில் ஒரு கோடு வேண்டும். அதற்கு ஒரு வழி: கத்தியின் கனத்துக்குச் சமமான துளைப்பான் ஒன்றை, 4 மில்லிமீட்டர் என்றால் 4 மில்லிமீட்டர், சமதளத்தில் கத்தியோடு படுக்க வைத்து, அதன் முனையால் விளிம்பு நெடுகக் கீறுங்கள். நடுக்கோடு தானாக விழும். இரண்டு பக்கமும் அந்தக் கோட்டை நோக்கி அராவ வேண்டும்.

கத்தியை ஒரு பலகையில் வைத்து கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பெரிய பல் அரம், பிறகு நைஸ் அரம். அரம் தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்குமே தவிர இரும்பு போகாது. பத்து இழுப்புக்கு ஒருதரம் கம்பி பிரஷால் அரத்தைச் சுத்தம் செய்யுங்கள். பல்லிடுக்கில் அடைத்த தூள் கத்தியில் ஆழக் கீறல் போடும்.

ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை சரிவு வரட்டும். விளிம்பை இப்போதே கூராக்கிவிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் கனம், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்று மெலிதாக விட்டுவையுங்கள். அதைவிட மெலிந்தால் தோய்க்கும்போது விளிம்பு அலை அலையாக நெளியும், வெடிக்கவும் செய்யும்.

கடைசியில் 120, 220 உப்புத்தாள் போட்டு, முதுகிலிருந்து விளிம்புக்கு ஓடுகிற குறுக்குக் கீறல்களை எடுத்துவிடுங்கள். தேய்ப்பது கத்தியின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் வெடிப்புக்கு ஒரு வாசல்.

கிரைண்டர் இருந்தால் அராவும் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், கண்ணாடி போடாமல் பக்கத்தில்கூட நிற்காதீர்கள்.

தோய்ச்சல்: கத்தி பிறக்கிற நிமிடம்

இதுவரை கையில் இருப்பது கத்தி வடிவத்தில் ஒரு தகடு, அவ்வளவுதான். காய்ச்சித் தோய்த்து முடித்த பிறகுதான் அது கத்தி.

உள்ளே நடப்பது இதுதான். எஃகை ஓர் அளவுக்கு மேல் காய்ச்சினால் அதன் உள் அமைப்பு மாறுகிறது. அதுவரை தனியாக ஒதுங்கியிருந்த கார்பன் இரும்புக்குள் கரைந்துவிடுகிறது. மெதுவாக ஆறவிட்டால் கார்பன் மறுபடியும் பிரிந்துவிடும், எஃகும் மென்மையாகிவிடும். உமிச் சாம்பலில் நாம் செய்தது அதுதான். சட்டென்று குளிர வைத்தால் பிரிய நேரம் இல்லாமல் கார்பன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த இறுக்கம்தான் கடினம்.

அந்தச் சூடு வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காந்தம் சொல்லும். இரும்பு 770 டிகிரி செல்சியசைத் தாண்டினால் காந்தத்தோடு ஒட்டாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, கத்தியை அதில் தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் போனதும், இன்னும் கொஞ்சம் சூடு, ஒரு நிறம் தூக்கலாக, பழுத்த தக்காளிச் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்குத் திரும்புகிற சமயம். ஸ்பிரிங் பட்டைக்கு வேண்டிய 830, 850 டிகிரி அதுதான். மஞ்சளுக்குப் போய்விட்டால் எஃகின் மணிகள் பெருத்துக் கத்தி உடையும்.

தோய்ப்பதற்கு முன் மூன்று தடவை இதே சூட்டுக்குக் காய்ச்சி, காற்றில் தொங்கவிட்டுக் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். அடித்ததாலும் அராவியதாலும் உள்ளே ஏறிய முறுக்கு தளரும், மணிகளும் நைசாகும்.

தோய்க்கத் தண்ணீர் வேண்டாம். ஸ்பிரிங் பட்டைக்குத் தண்ணீரின் வேகம் அதிகம், டிங் என்று ஒரு சத்தம் கேட்டால் வெடித்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய்தான் சரி. பலர் வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலைப் பயன்படுத்துகிறார்கள். அதன் புகை நல்லதல்ல, கொட்டிய இடத்து மண்ணும் கெட்டுப்போகும். இயற்கை விவசாயம் செய்கிற நம் வீட்டில் அது வேண்டாமே. பலகாரம் சுட்டு மிஞ்சிய கடலை எண்ணெய் நாலு லிட்டர் சேர்த்து வடிகட்டி வைத்தால் போதும், வருடக்கணக்கில் வரும். கத்தி முழுதும் நிமிர்ந்தவாக்கில் மூழ்குகிற மாதிரி உயரமான இரும்புப் பாத்திரம், பிளாஸ்டிக் கூடவே கூடாது. எண்ணெயைக் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான எண்ணெய் இளகியிருக்கும், சூட்டைச் சீக்கிரம் வாங்கும்.

பாத்திரத்துக்கு இரும்பு மூடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடுவதுதான் வைத்தியம், தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். பக்கத்தில் ஒரு வாளி மணல். பருத்திச் சட்டை, தோல் செருப்பு, கண்ணாடி. பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.

கத்தியின் நிறம் நுனியிலிருந்து பிடி வரை ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, நுனி கீழே போகிற மாதிரி நேராக எண்ணெயில் இறக்குங்கள். தயங்கித் தயங்கி இறக்கக் கூடாது. உள்ளே முன்னும் பின்னும் அசைக்கலாம், பக்கவாட்டில் ஆட்டினால் கத்தி வளைந்துவிடும். பதினைந்து நொடி கழித்து எடுத்துப் பாருங்கள். லேசாக வளைந்திருந்தால், கைச் சூடு ஆறுவதற்குள் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நிமிரும். முழுதாக ஆறிய பிறகு நிமிர்த்தப் பார்த்தால் இரண்டு துண்டாகிவிடும்.

ஆறியதும் அரத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் வேலை கூடிவிட்டது. கடித்தால் சூடு போதவில்லை, மறுபடியும் காய்ச்சித் தோய்க்கலாம்.

பதம் இறக்குதல்

தோய்த்த கத்தி கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடையும். அதன் கடினத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, உடையாத உரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் பார்ப்போம் என்று போடாமல் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

முதலில் ஒரு பக்கத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிடுங்கள். பளபளப்பான எஃகில் சூடு ஏற ஏற நிறம் மாறுவது தெரியும். 200 டிகிரி சுமாருக்கு இளமஞ்சள், 230-க்கு வைக்கோல் நிறம், 255-க்குப் பழுப்பு, 275 வாக்கில் கத்தரிப்பூ நிறம், 300-க்கு நீலம். அறுக்கிற கத்திக்கு இளமஞ்சளிலிருந்து வைக்கோல் நிறம் வரை. ஓங்கி வெட்டுகிற அரிவாளுக்குப் பழுப்பு. நீலம் போனால் ஸ்பிரிங் பதம்: வளையும், ஆனால் முனை நிற்காது.

வீட்டில் கேக் செய்கிற மின் அடுப்பு இருந்தால், ஒரு தட்டில் மணல் பரப்பி அதன் மேல் கத்தியை வைத்து, 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு தடவை. அடுப்பு இல்லாவிட்டால் பழைய முறை இருக்கிறது: கனமான இரும்புக் கட்டை ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி, கத்தியின் முதுகை அதன் மேல் வையுங்கள். நிறங்கள் முதுகிலிருந்து விளிம்பு நோக்கி வரிசையாக நகர்ந்து வரும். விளிம்புக்கு வைக்கோல் நிறம் வந்து சேர்ந்த அந்தக் கணம் எடுத்துத் தண்ணீரில் போட வேண்டும். இந்த முறையில் ஒரு லாபம், முதுகு நீலம் வரைக்கும் போய் மென்மையாகிவிடும், விளிம்பு மட்டும் கடினமாக இருக்கும். அடி தாங்குகிற கத்திக்கு அதுதான் வேண்டும்.

இதற்குப் பிறகு கத்தி எந்த வேலையிலும் சூடாகக் கூடாது. கிரைண்டரில் பிடித்தால் ஒவ்வொரு தொடுதலுக்கும் தண்ணீரில் முக்குங்கள். விளிம்பில் நீலம் தெரிந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது.

பிடியும் முனையும்

பிடிக்குக் கருவேலம், பூவரசு, புளி, வேம்பு எது கிடைத்தாலும் சரி, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் போட்டால் காய்ந்து சுருங்கி இடைவெளி விடும். இரண்டு சில்லாக அறுத்து, உட்பக்கம் தேய்த்துச் சமமாக்கி, அரால்டைட் தடவி இரண்டு பக்கமும் வைத்து, துளைகள் வழியாகப் பித்தளைக் கம்பியைச் செருகி, இரண்டு முனையையும் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பரப்பிவிடுங்கள். ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும். காய்ந்ததும் கைக்கு ஏற்ப அராவி, ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று பூச்சு. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

முனைக்கு இரு பக்கத் தீட்டுக்கல் போதும். முதலில் சொரசொரப்புப் பக்கம், பிறகு நைஸ் பக்கம். தோட்டத்துக் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரி சாய்வு, காய்கறி நறுக்குவதற்கு 15, வெட்டரிவாளுக்கு 25-க்கு மேல். கோணமானி தேடவேண்டாம். ஒரு காகிதத்தின் செங்கோண மூலையைப் பாதியாக மடித்தால் 45, அதையும் பாதியாக்கினால் இருபத்திரண்டு சொச்சம். அது போதும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய பிசிறு நுனி முதல் அடி வரை வர வேண்டும். வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்வாக்கில் இழுத்தால் பிசிறு போய்விடும். பனையேறிகளின் பாளை அரிவாளைப் பாருங்கள். மரக்கட்டையில் வெண்கல் பொடி தூவித் தீட்டுவார்கள், தாள் கனத்துக்குப் பாளையைச் சீவும். முனை என்றால் அது முனை.

இந்தக் கத்தி துருப்பிடிக்கும். எவர்சில்வர் இல்லையே. வாழைக் கறை பட்டுக் கறுக்கும், அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். நோய் கண்ட மரத்தை வெட்டினால், அடுத்த மரத்துக்குப் போகும் முன் கத்தியை நெருப்பில் காட்டாதீர்கள், பதம் இறங்கிவிடும். ஸ்பிரிட்டில் துடைப்பதே சரி.

சட்டம் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்த கருவிகளை ஆயுதமாகக் கணக்கில் எடுக்கவில்லை. அதற்காக அரிவாளைத் தூக்கிக்கொண்டு டவுன் பேருந்தில் ஏறாதீர்கள். தோட்டத்துக் கருவி தோட்டத்தில் இருக்கட்டும்.

பட்டறை இருக்க வேண்டும்

கொங்கு நாட்டில் நொய்யல் கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. மூசையில் உருக்கி எடுக்கிற நம் பக்கத்து எஃகு கடல் கடந்து போயிருக்கிறது. ஐரோப்பியர் அதை 'வூட்ஸ்' என்றார்கள். மின்சார ஆராய்ச்சிக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே 1819-ல் அந்த வூட்ஸ் எஃகை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அவருடைய தந்தையும் ஒரு கொல்லர்தான். அவ்வளவு தூரம் போன அறிவின் கடைசி நுனி, நம் பக்கத்து ஊர்ப் பட்டறையில் கரி வாங்கக் காசில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

முன்பெல்லாம் அறுவடைக் களத்திலேயே கொல்லருக்கும் தச்சருக்கும் நெல் அளந்து கொடுத்துவிடுவார்கள். வருடம் முழுக்கக் கலப்பைக் கொழுவும் அரிவாளும் அவர் பொறுப்பு. டிராக்டர் வந்தது, கொழு போனது. கடைக் கத்தி வந்தது, அரிவாளும் போனது. அவருடைய மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பட்டறை ஒருமுறை அணைந்துவிட்டால், கடப்பாரை முனை காய்ச்சவும் மண்வெட்டி வாய் இழுக்கவும் நமக்கு ஆள் இல்லை. நாட்டு விதை ஒன்று அழிந்து போவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதனால்தான் பேரம் வேண்டாம் என்றேன். ஒரு கத்தியை நாமே முழுதாகச் செய்து பார்த்தால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, கடையில் பளபளப்பைப் பார்த்து ஏமாற மாட்டோம். இன்னொன்று, ஆசாரி கேட்கிற கூலி எவ்வளவு குறைவு என்பது நம் தோளுக்கே தெரிந்துவிடும்.

நம் இயக்கக் குழுக்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து பண்ணைகள் சேர்ந்து, பக்கத்துப் பட்டறைக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி, பாதியை முன்பணமாகத் தை மாதத்தில் கொடுத்துவிடலாம். நம்முடைய எல்லாக் கருவிகளையும் அவர் பார்த்துக்கொள்வார், அவருக்கும் நிச்சயமான வருமானம். ஊதி, சாணை எந்திரம் வாங்கக் கடன் வேண்டுமென்றால் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 விழுக்காடு, உச்ச அளவாக 50 ஆயிரம் ரூபாய், மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய தொழில் எந்தப் பிரிவில் வரும், என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டு, படிவத்தை நிரப்பிக் கொடுக்க நம்மில் யாராவது ஒருவர் கூடப் போனாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

வரும் வாரச் சந்தைக்குப் போகும்போது பழைய இரும்புக் கடைக்குள்ளும் ஒரு எட்டு நுழைந்து பாருங்கள். ஒரு முழம் வேன் பட்டை கிடைத்தால் வாங்கி வந்து, நேராக ஆசாரி பட்டறையில் போய் நில்லுங்கள். மிச்சத்தை அவரே ஆரம்பித்து வைப்பார்.